இருளில் காணும் கண்

கதிரவன் மேற்றிசையில் மறைந்தவுடன் மாந்தர் உலகம் ஓய்வை நாடுகின்றது. உழவர் கழனியினின்று வீடு திரும்புகின்றனர். மாடுகள் தொழுவத்தை அடைகின்றன. பறவைகள் கூடுகளில் ஒடுங்குகின்றன. இனி உலகம் முழுவதும் உறங்கிவிடும் என்று எண்ணுதல் இயல்பே. ஆயினும் அவ்வெண்ணம் உண்மையன்று. பகற்பொழுதெல்லாம் புதரிலும் பொந்திலும் பாறை இடுக்கிலும் மறைந்து கிடந்த எண்ணற்ற உயிர்களுக்கு அந்த நேரமே விடியற்காலம். அவை இரை தேடப் புறப்படுகின்றன. நீர் அருந்தச் செல்கின்றன. தம் குட்டிகளைப் பேணுகின்றன. மாந்தரின் கண்ணுக்குப் புலப்படாமையால் அவ்வுலகம் இல்லையென்று ஆகிவிடாது.

திருவண்ணாமலை ஒளிக்குப் பெயர்பெற்ற ஊர். கார்த்திகைத் திங்களில் மலையுச்சியில் ஏற்றப்படும் பெருவிளக்கு பதினொரு நாள் எரியும். முழுநிலா நாள்தோறும் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் மக்கள் பெருங்கூட்டமாக இரவெல்லாம் நடப்பர். பாதை நெடுகிலும் மின்விளக்குகள் பகல்போல் ஒளிவீசும். ஆனால் அப்பாதையின் ஒருபுறத்தில், விளக்கொளி எட்டாத இடத்தில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள அம்மலை இருளிற் படிந்து நிற்கும்.

மரம் வெட்டியதாலும் கால்நடைகள் மேய்ந்ததாலும் அடிக்கடி தீப் பிடித்ததாலும் அம்மலையின் சரிவுகள் ஒருகாலத்தில் மொட்டையாகக் கிடந்தன. 1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து ஆர்வலர் பலர் மரக்கன்றுகளை நட்டு, தீத்தடுப்புக் கோடுகள் அமைத்து, சரிவுகளைப் பசுமையாக்க உழைத்து வருகின்றனர். காடு திரும்பினால் காட்டின் குடிகளுக்கும் இடம் உண்டாகும் அன்றோ? புள்ளிமான், முயல், முள்ளம்பன்றி, மரநாய், ஆந்தை ஆகியவை அங்கு வாழ்கின்றன. பகலில் தரையில் சருகோடு சருகாய்க் கிடந்து, இரவில் பூச்சிகளைப் பிடிக்கும் பக்கி என்னும் பறவையும் அங்கு உண்டு. இவற்றுட் பெரும்பாலானவை அந்தியிலும் இரவிலும் நடமாடுவன. விளக்கின் பெருமை பேசும் ஊரில் இருளை நம்பி வாழும் குடிகள் இவை. இவற்றைக் காண விரும்புவோர், இவற்றிற்குத் தொல்லை தராமல் காண்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடையாக இன்று ஒரு கருவி கிடைக்கின்றது. அதனை இரவுநோக்கி என்பர்.

இரவுநோக்கியின் தன்மையை அறியுமுன் கண்ணின் தன்மையை அறிதல் வேண்டும். மனிதக் கண்ணின் விழித்திரையில் இருவகை உணர்வணுக்கள் அமைந்துள்ளன. ஒன்று கூம்பணு, மற்றொன்று கோலணு. கூம்பணுக்கள் ஏறத்தாழ 60 இலட்சம். அவை நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுவன; ஆயினும் நல்ல வெளிச்சம் இருந்தாலன்றித் தொழிற்படா. கோலணுக்கள் ஏறத்தாழ 12 கோடி. அவை மங்கிய ஒளியிலும் தொழிற்படும். ஆயினும் நிறத்தைக் காட்டா. நிலவொளியில் செம்பருத்திப் பூவும் கறுத்துத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

கோலணுக்களில் ஒளியை உணரும் பொருள் ஒன்று உண்டு. வெளிச்சம் மிகுந்தால் அது சிதையும். இருளில் மெல்ல மெல்ல மீண்டும் உருவாகும். அஃது ஓரளவு நிரம்புவதற்கு 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். வெயிலில் நடந்து வந்தவன் இருட்டறையிற் புகுந்தவுடன் தடுமாறுகின்றான். சற்று நேரம் கழித்து அதே அறையில் பொருள்களை ஒருவாறு காண்கின்றான். இதனை யாவரும் அறிவர். அவ்வாறு பழகிய கண்ணின்மேல் ஒருநொடி விளக்கொளி பாய்ந்தாலும் பெற்ற பயன் பெரிதும் கெட்டுவிடும். மீண்டும் காத்திருத்தல் வேண்டும்.

இரவில் உலவும் விலங்குகளின் கண் இதனினும் சிறந்தது. மான், பூனை, மரநாய் முதலியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோன்ற ஒரு படலம் உண்டு. விழித்திரையைக் கடந்து சென்ற ஒளியை அப்படலம் மீண்டும் விழித்திரைக்கே திருப்பி அனுப்பும். ஆதலின் ஒரே ஒளி இருமுறை பயன்படுகின்றது. இரவில் விலங்கின் கண்கள் விளக்கொளி பட்டுத் தணல்போல் சுடர்விடுவதும் இப்படலத்தினாலேயே. ஆந்தையோ தன் தலையின் அளவை நோக்க மிகப் பெரிய கண்களைப் பெற்றுள்ளது. குழிவிரியன் என்னும் பாம்பினத்திற்குக் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே ஒரு குழி உண்டு. எலி போன்ற உயிர்களின் உடல் வெப்பத்தை அஃது இருளிலும் அக்குழியினால் உணர்ந்துகொள்ளும்.

இத்தகைய நுண்ணிய கண்களின்மேல் கைவிளக்கின் வெள்ளொளியைப் பாய்ச்சினால் என்ன நேரும்? மனிதனுக்குக் கண் கூசுவதைக் காட்டிலும் அவற்றிற்கு மிகுதியாகக் கூசும். பக்கிப் பறவை சாலையில் அமர்ந்தபடியே திகைத்துப்போகும். வண்டி வருவதை உணர்ந்தும் எழாமல் அடிபட்டு மாளும். முயல் அசையாது நின்றுவிடும். புள்ளிமான் வெருண்டு ஓடும். அஃது எத்திசையில் ஓடும் என்பதை எவரும் கூற இயலாது. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிலும் சாலை உண்டு. சாலையில் வண்டிகள் உண்டு. ஊரில் நாய்கள் உண்டு. காட்டைவிட்டு வெளியேறிய மான்கள் வண்டியில் அடிபட்டும் நாய்களால் கடியுண்டும் இறந்தமை பலமுறை நிகழ்ந்துள்ளது. காண வேண்டும் என்னும் ஆவலால் ஒருவன் வீசிய விளக்கொளி, காணப்பட்ட உயிருக்கே கேடாய் முடிதல் கூடும்.

இனி, இரவுநோக்கி தோன்றிய வரலாற்றை நோக்குவோம். வில்லியம் ஹெர்ஷல் என்பவர் யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வானியல் அறிஞர். அவர் 1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். முப்பட்டைக் கண்ணாடி வழியே ஞாயிற்றின் ஒளியைச் செலுத்தி அதனை நிறங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்திற்கு அப்பால், எந்நிறமும் தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானியிலும் வெப்பம் ஏறக் கண்டு வியந்தார். கண்ணுக்குப் புலனாகாத ஒருவகை ஒளி அங்கே விழுகின்றது என்பது தெளிவாயிற்று. அதுவே அகச்சிவப்புக் கதிர்.

மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியையே காணும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடி கூறாக்கியதில் ஒரு கூறு. அகச்சிவப்புக் கதிரின் அலைநீளம் அவ்வெல்லையைக் கடந்தது. ஆதலின் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் சிலிக்கான் என்னும் பொருளால் ஆகிய ஒளியுணரிகள் ஏறத்தாழ 1000 நானோமீட்டர் வரை உணரும். இதனை மாணவர் எளிதில் ஆராய்ந்து பார்க்கலாம். தொலைக்காட்சியைத் தூரத்திலிருந்து இயக்கும் கருவியின் முனையில் ஒரு சிறு விளக்கு உண்டு. பொத்தானை அழுத்தும்போது அதில் ஒளி தோன்றுவதில்லை. கைப்பேசியின் ஒளிப்படக் கருவி வழியே நோக்கினாலோ, பெரும்பாலான கைப்பேசிகளில் அவ்விளக்கு மினுக்கி மினுக்கி எரிவது தெரியும். கண் காணாததைக் கருவி காண்கின்றது.

இரவில் காண உதவும் கருவிகள் மூவகைப்படும். முதல்வகை, நிலவிலிருந்தும் விண்மீன்களிலிருந்தும் வரும் மெல்லொளியைப் பெருக்கிக் காட்டுவது. ஒளி ஒரு தகட்டின்மேல் விழுந்து மின்னணுக்களை வெளிப்படுத்தும். அம்மின்னணுக்கள் பல்லாயிரம் மடங்காகப் பெருக்கப்பட்டு ஒரு திரையில் மோதி, பச்சை நிறத்தில் உருவைக் காட்டும். போர்ப்படைகளுக்காக வளர்ந்த இக்கருவியின் விலை மிகுதி. இரண்டாம் வகை, உயிர்களின் உடலினின்று வெளிப்படும் வெப்பக் கதிரைக் கொண்டே உருவை அமைப்பது. இதற்கு விளக்கே வேண்டுவதில்லை. எனினும் இதன் விலையும் பொதுமக்களுக்கு எளிதன்று. மேலும், கோடைநாளில் திருவண்ணாமலைப் பாறைகள் பகலெல்லாம் காய்ந்து, இரவு தொடங்கிய பின்னும் சூடாகவே இருக்கும். அந்நேரத்தில் பாறையின் சூடும் விலங்கின் சூடும் ஒத்திருப்பின் இவ்வகைக் கருவியும் ஏமாந்துபோகும்.

மூன்றாம் வகையே எளிய விலையில் கிடைப்பது. ஒரு கண்ணால் நோக்கும் சிறு தொலைநோக்கி போன்றது இது, கையில் அடங்கும். இதன் உள்ளே சிலிக்கான் ஒளியுணரியும் ஒரு சிறு திரையும் உள்ளன. முன்புறத்தில் அகச்சிவப்பு விளக்கு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பகலிற் பயன்படும் ஒளிப்படக் கருவிகளில் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்க ஒரு வடிகண்ணாடி வைப்பர். இதில் இரவு நேரத்தில் அத்தடை இல்லை. விளக்கினின்று சென்ற கதிர் விலங்கின்மேற் பட்டுத் திரும்பும்; ஒளியுணரி அதனை ஏற்கும்; திரையில் கறுப்பு வெள்ளையாய் உரு தோன்றும். படைக்கருவிக்கு இலட்சக்கணக்கில் செலவிட வேண்டிய இடத்தில், இதற்குச் சில ஆயிரம் உரூபாய் போதும். பள்ளியின் இயற்கைக் கழகமும் ஊரின் படிப்பகமும் கூடி ஒன்றை வாங்கிப் பொதுவில் பயன்படுத்தலாம்.

கருவியை வாங்குவோர் கருத வேண்டுவன சில. அகச்சிவப்பு விளக்கு பெரும்பாலும் இருவகையில் கிடைக்கும். 850 நானோமீட்டர் விளக்கு தொலைவிற்குச் செல்லும். ஆனால் அதன் முகத்தில் மங்கிய சிவப்பு ஒளி தோன்றும். 940 நானோமீட்டர் விளக்கில் அவ்வொளியும் தோன்றாது. ஆனால் அதன் வீச்சுக் குறைவு. உருவை மிகப் பெரிதாக்கிக் காட்டும் கருவியே சிறந்தது என்று எண்ணுதல் தவறு. உரு பெரிதாகப் பெரிதாகக் கைநடுக்கமும் பெரிதாகும்; காணும் பரப்போ குறுகும். மூன்று முதல் ஐந்து மடங்கு போதும். பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள தொலைவு முழுவதையும் நம்புதலும் கூடாது. தொலைவு இருமடங்கானால் உருவின்மேல் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆதலின் நெடுந்தொலைவில் கண்ணின் சுடர் மட்டும் தெரியுமேயன்றி, அது மானா நாயா என்று பகுத்தறிய இயலாது.

பயன்படுத்தும் முறையும் அறியத்தக்கது. மலைச்சரிவு காப்புக்காடு. வனத்துறையின் அனுமதியின்றி அதனுள் நுழைதல் கூடாது. இரவில் நுழைதல் அறவே கூடாது. ஆனால் காண்பதற்குக் காட்டிற்குள் செல்ல வேண்டிய தேவையும் இல்லை. மலையடிவாரத்தில் உள்ள வீட்டின் மொட்டைமாடியோ, ஏரிக்கரையின் ஓரமோ, தோப்பின் எல்லையோ போதும். முழுநிலா நாளில் கூட்டமும் ஒளியும் மிகுதி. ஆதலின் மற்ற நாள்களே ஏற்றவை. காண விரும்புவோர் பொழுது சாயுமுன் சென்று இடம் தேர்ந்து அமர்தல் வேண்டும். காற்று விலங்கிடமிருந்து தம்பால் வீசும் திசையில் இருத்தல் நன்று. இல்லையேல் மனித மணத்தை நுகர்ந்து விலங்கு விலகிவிடும். பேச்சும் தின்பண்டத் தாளின் சலசலப்பும் ஆகா.

முதலில் விளக்கின்றிச் செவியால் கேட்டல் வேண்டும். சருகு நொறுங்கும் ஓசையும், முட்கள் உரசும் ஓசையும், ஆந்தையின் அலறலும் எத்திசையிலிருந்து வருகின்றன என்று அறிந்தபின் கருவியை அத்திசையில் உயர்த்தலாம். இருபுறமும் மெல்லத் துழாவினால் இரு சிறு புள்ளிகள் வெண்மையாய்ச் சுடரும். அவை அசையாது நின்று, பின்னர்த் தாழ்ந்து, மீண்டும் எழுந்தால் மேயும் மானாக இருக்கலாம். மரக்கிளையில் நீண்ட வாலோடு ஓர் உருவம் ஊர்ந்தால் மரநாயாக இருக்கலாம். தரையோடு தரையாய் முட்கள் ஆட நடப்பது முள்ளம்பன்றி. உரு தெளியுமாறு குவியத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். கண்டதையும் கண்ட நேரத்தையும் ஏட்டிற் குறித்துக்கொண்டு, சில நிமிடங்களில் கருவியைத் தாழ்த்திவிட வேண்டும்.

இக்கருவிக்குக் குறைகளும் உண்டு. பனியும் புழுதியும் பறக்கும் பூச்சிகளும் விளக்கொளி பட்டு வெள்ளைத் திரைபோல் மறைக்கும். சாளரக் கண்ணாடிக்குப் பின்னிருந்து நோக்கினால் கண்ணாடியே கதிரைத் திருப்பி அடித்துவிடும். இக்கருவி மேடு பள்ளத்தின் அளவைக் காட்டாது. ஆதலின் கண்ணில் வைத்தவாறே நடத்தல் ஆபத்து. திருவண்ணாமலை போன்ற பாறை நிலத்தில் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் இரவில் உலவும். எழுந்து நடக்கும்போது கைவிளக்கைத் தரையை நோக்கியே பிடித்து, காலடியைப் பார்த்து நடத்தல் வேண்டும். விளக்கின் முகத்தில் சிவப்புத் தாளை ஒட்டினால், பழகிய இருட்கண்ணும் கெடாது. விலங்குகளுக்கும் அத்துணைக் கூசாது. அகச்சிவப்பு விளக்கை அண்மையில் வைத்து எவருடைய கண்ணிலும் பாய்ச்சுதல் தகாது. கண்ணுக்குத் தெரியாவிடினும் அதுவும் ஒளியே.

இரவில் கலைக்காமல் காண்பதனால் விளையும் பயன் வேடிக்கை மட்டுமன்று. தமிழகத்தின் தேவாங்கு இதற்குச் சான்று. பெரிய கண்களோடு மருண்டு விழிக்கும் இச்சிறு விலங்கை மக்கள் பழமொழியளவிலேயே அறிந்திருந்தனர். நெக்காரிஸ் என்னும் அறிஞர் 1997, 1998ஆம் ஆண்டுகளில் திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர்க் காடுகளில் இரவுதோறும் தேவாங்குகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். வெள்ளொளியை விடுத்துச் செவ்வொளியைப் பயன்படுத்தியதால், தேவாங்குகள் தம் இயல்பான வாழ்வை நடத்துவதை அவர் காண முடிந்தது. அவை பெரிதும் பூச்சிகளை உண்டு வாழ்வன. ஆதலின் உழவர்க்கும் நண்பர்கள். பின்னர் 2022ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பு, கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசால் அறிவிக்கப்பட்டது. தேவாங்கிற்கென அமைந்த இந்தியாவின் முதற் சரணாலயம் அதுவே. இரவின் உயிர்களைப் பற்றிய அறிவு பெருகினாலன்றி அவற்றைக் காக்கும் எண்ணமும் தோன்றாது.

கோவையை அடுத்த மதுக்கரையில் இருளைக் காணும் கண் உயிர் காக்கும் கண்ணாகவே அமைந்துள்ளது. அங்கே யானைகள் நடமாடும் காட்டின் வழியே இருப்புப்பாதை செல்கின்றது. இரவில் தொடர்வண்டியில் அடிபட்டு யானைகள் மாண்டதுண்டு. அதனைத் தடுக்க 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் 12 கோபுரங்களில் வெப்பத்தை உணரும் கருவிகளும் பொதுவான ஒளிப்படக் கருவிகளும் நிறுவப்பட்டன. யானை பாதையை நெருங்கினால் அவை கண்டு செய்தி அனுப்பும். வண்டியை ஓட்டுவோர் எச்சரிக்கப்படுவர்.

ஆயினும் எந்தக் கருவியும் அதனைப் பிடித்த கையின் குணத்தையே பெறும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒளியில் திகைத்து நிற்கும் முயலையும் மானையும் வேட்டையாடும் கொடியோர் உண்டு. அவர் கையில் இரவுநோக்கி கிடைத்தால் அது கொலைக்கருவியாகிவிடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய வேட்டையைக் குற்றமென விதித்துத் தண்டிக்கின்றது. ஆதலின் அரிய உயிர் ஒன்றைக் கண்டவர், அஃது உறையும் இடத்தைப் பலரறியப் பறைசாற்றுதல் கூடாது. வேட்டைக்காரரைக் கண்டால் வனத்துறைக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். தாமே எதிர்த்துச் செல்லுதல் தகாது.

மலையுச்சியில் ஏற்றிய விளக்கைக் காணத் திருவண்ணாமலைக்கு மக்கள் நெடுந்தொலைவினின்றும் வருகின்றனர். அம்மலையின் இருளிலும் காணத்தக்கவை உள்ளன. அவற்றைக் காண விழைவோர் ஒளியைக் கொண்டுசெல்ல வேண்டுவதில்லை. பொறுமையைக் கொண்டுசென்றால் போதும். ஒரு மான் தலைகுனிந்து மேய்கின்றது. தன்னை ஒருவர் நோக்குவதை அஃது அறியாது. நோக்கியவர் எழுந்து சென்ற பின்னும் அமைதியாக மேய்ந்துகொண்டேயிருக்கின்றது. அங்ஙனம் அதனை விட்டு வருதலே இரவுநோக்கியை நன்கு பயன்படுத்தியமைக்கு அடையாளமாகும்.